சாரல் புல்லின் சரித்திரம்

பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் மாட்டுங்கா கிழக்கில் பூக்கடைகளைத் தேடிப் போய் அருகம்புல் வாங்காத தமிழ்க் குடும்பம் மும்பையில் குறைவு. அமாவாசைத் தர்ப்பணத்துக்குத் தர்ப்பை, கோடையில் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் என்று நாம் பெயர் சொல்லிக் கேட்கும் புற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் உலகத்தில் புல் குடும்பத்தைச் சேர்ந்த சிற்றினங்கள் சுமார் 12,000 இருக்கின்றன. நெல்லும் கோதுமையும் கரும்பும் மூங்கிலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு சின்னஞ்சிறு உறுப்பினர் உண்டு. பழைய பம்பாய் மாகாணத்தின் எல்லையில், ஓர் அருவியின் சாரலில் அது பறிக்கப்பட்டது. காகிதத்துக்கு நடுவில் உலர்ந்து, முப்பது ஆண்டுக்கு மேல் பெயரில்லாமல் காத்திருந்தது. லண்டனில் பெயர் பெற்றது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சொந்த மலைக்குத் திரும்பித் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அழிந்துபோனவற்றின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பிறகு இன்னொரு மலையில் உயிரோடு கிடைத்தது. ஹப்பார்டியா ஹெப்டாநியூரான் என்பது அதன் பெயர். ஒரு புதுத் தாவரம் கண்டுபிடிக்கப்படுவது என்றால் என்ன, அதற்குப் பெயர் வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தப் புல்லின் வாழ்க்கையைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அருவிக்கரையில் இருவர்

ஷராவதி ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்புக்கு வந்ததும் 253 மீட்டர் ஆழத்துக்கு ஒரே பாய்ச்சலாக விழுகிறது. ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு கிளைகள். இன்று எல்லோரும் ஜோக் அருவி என்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் அதன் பெயர் கெர்சொப்பா அருவி. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கெர்சொப்பா, பதினாறாம் நூற்றாண்டில் மிளகு வணிகத்தால் செழித்த ஊர். சென்னபைராதேவி என்ற அரசி அதை ஆண்டாள். 1919இல் அருவிக்கு ஒரு பக்கம் மைசூர் சமஸ்தானம், மறுபக்கம் வட கன்னடம். கார்வாரைத் தலைமையிடமாகக் கொண்ட வட கன்னட மாவட்டம் அப்போது பம்பாய் மாகாணத்தில் இருந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோதுதான் அது கர்நாடகப் பக்கம் போனது.

அந்த 1919இல் அருவிக்கரைக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் டி.ஆர்.டி. பெல். அயர்லாந்தில் பிறந்து 1880களில் பம்பாய் வனத்துறையில் சேர்ந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கார்வார்க் காடுகளில் கழித்தவர். வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களை வீட்டில் வளர்த்து, எந்தப் புழு எந்த இலையைத் தின்னும் என்று எழுதி வைத்தவர். பூச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இலையைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் செடிகளைப் பழகிக்கொண்டதில் வியப்பில்லை.

மற்றவர் எல்.ஜே. செட்ஜ்விக். ஐ.சி.எஸ். அதிகாரி. 1921ஆம் ஆண்டு பம்பாய் மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவர் இவர்தான். மாகாணம் முழுவதும் எத்தனை பேர், எந்தத் தொழில், எந்த மொழி என்று எண்ணிக் கணக்கிட்ட அதே மனிதர், ஓய்வு கிடைத்த நேரத்தில் அந்த மாகாணத்தின் செடிகொடிகளையும் பாசிகளையும் திரட்டினார். வட கன்னடக் காட்டில் பூக்கும் செரோபீஜியா ஃபென்டாஸ்டிகா என்ற அழகான கொடிக்குப் பெயரிட்டவரும் அவரே.

இருவரும் சேர்ந்து 1917 முதல் 1919 வரை வட கன்னடக் காடுகளில் தாவரங்களைச் சேகரித்தார்கள். அருவியின் சாரல் இடைவிடாமல் நனைக்கும் பாறையில் படர்ந்திருந்த மெல்லிய புல் ஒன்றும் அவர்கள் சேகரிப்பில் வந்து சேர்ந்தது. கவனத்தை இழுக்கும் பூ இல்லை, மணம் இல்லை, உயரம் இல்லை. நின்று பார்த்துக் கையில் எடுத்தார்களே, அதுதான் பெரிய காரியம். சேகரிப்பாளரின் திறமை முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. தெரிந்த ஆயிரம் செடிகளுக்கு நடுவில், இது வேறு மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் தயங்கத் தெரிய வேண்டும்.

காகிதத்துக்குள் ஒரு வாழ்க்கை

பறித்த செடி அன்றைக்கே அழுத்தப்பட வேண்டும். இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவில் வேர், தண்டு, இலை, பூங்கொத்து எல்லாம் தெரியும்படி பரப்பி, மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து, மரச்சட்டங்களுக்கு இடையில் வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். தாள்களைத் தினமும் மாற்ற வேண்டும். மழைக்காலத்து மலையில் இது பெரும்பாடு. காற்றிலேயே ஈரம் நிற்கும். தாள்களை அடுப்பு அனலில் காய வைத்து மாற்றாவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். சாரலிலேயே வாழ்ந்த புல்லை உலர வைப்பது எத்தனை கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

உலர்ந்த செடியைக் கெட்டியான வெள்ளைத் தாளில் தைத்தோ ஒட்டியோ வைப்பார்கள். கீழ் மூலையில் ஒரு சீட்டு. யார் எடுத்தது, எங்கே, எப்போது, எந்த எண். இந்தச் சீட்டு இல்லாத செடி விஞ்ஞானத்துக்கு வெறும் சருகு. சீட்டு இருந்தால் அது சாட்சி. இந்த இடத்தில், இந்த ஆண்டில், இப்படி ஓர் உயிர் இருந்தது என்பதற்கு யாரும் மறுக்க முடியாத சாட்சி. அந்தச் சீட்டுகளில் சுமை தூக்கியவர்கள், வழி காட்டியவர்கள், எந்தப் பாறையில் எது முளைக்கும் என்று சொன்னவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் இல்லாமல் எந்த மலையிலிருந்தும் ஒரு தாள்கூடக் கீழே இறங்கியதில்லை.

இப்படிப்பட்ட தாள்களைக் காக்கும் இடத்தை ஹெர்பேரியம் என்கிறார்கள். உலர்தாவரச் சேமிப்பகம் என்று தமிழில் சொல்லலாம். மும்பையில் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகும் தூரத்தில் செயின்ட் சேவியர் கல்லூரி இருக்கிறது. அதற்குள் பிளாட்டர் ஹெர்பேரியம். சுவிட்சர்லாந்திலிருந்து 1903இல் பம்பாய் வந்த ஏசு சபைத் துறவி எதல்பர்ட் பிளாட்டர் வளர்த்தெடுத்த இடம். இந்தியாவின் பனைகளைப் பற்றியும் காஷ்மீரப் பூக்களைப் பற்றியும் நூல் எழுதியவர் அவர். செட்ஜ்விக்கும் பெல்லும் திரட்டிய தாள்கள் பல வந்து சேர்ந்ததும் இந்த ஹெர்பேரியத்துக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாதியில் என்ன முளைக்கிறது என்று ஆராய்கிற எவரும் ஒரு நாள் இந்த அலமாரிகளுக்கு முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். லட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

பெயருக்காகக் காத்திருந்த காலம்

அருவிப் புல் உலர்ந்த பிறகு அதற்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. அப்படியே கிடந்தது. புல்லியல் அந்த நாட்களில்தான் நம் நாட்டில் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. 1921இல் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் தாவரவியலாளர் ரங்காச்சாரி, தென்னிந்தியப் புற்கள் சிலவற்றுக்குக் கைநூல் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு புல்லின் சிறுகதிரையும் பிரித்து வரைந்து காட்டிய அருமையான வேலை அது. கால்நடைத் தீவனத்துக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, தமிழ்நாட்டில் புல்லியலுக்கு அடிக்கல் ஆனது.

பம்பாயில் பிளாட்டரும் சார்ல்ஸ் மெக்கேனும் சேர்ந்து மாகாணத்தின் புற்களை எல்லாம் ஒரு நூலில் தொகுத்தார்கள். மெக்கேன் வட கன்னட மலை விளிம்பில் உள்ள காசில் ராக் என்ற ஊரில் பிறந்தவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பணியாற்றியவர். ‘பம்பாயின் புற்கள்’ என்ற அந்த நூல் 1935இல் வெளிவந்தது. பிளாட்டர் அதை அச்சில் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அந்தப் பெரிய நூலிலும் ஹப்பார்டியா என்ற பெயர் கிடையாது. அப்படி ஒரு பெயர் அப்போது பிறக்கவே இல்லை.

செட்ஜ்விக் 1925இல் இறந்தார். பெல் ஓய்வுபெற்ற பின்னும் ஊர் திரும்பவில்லை. கார்வாரிலேயே வாழ்ந்து 1948இல் அங்கேயே கண்மூடினார். தாங்கள் எடுத்தது ஒரு புதுச் சிற்றினம் மட்டுமல்ல, ஒரு புதுப் பேரினமே என்பது இருவருக்கும் கடைசிவரை தெரியாது.

இது அபூர்வமான விதி அல்ல. உலர்தாவரத் தாள்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. புதிதாகப் பெயரிடப்படும் தாவரங்களில் 16 விழுக்காடு மட்டுமே சேகரித்த ஐந்து ஆண்டுகளுக்குள் விவரிக்கப்படுகின்றன என்றும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தாள்களிலிருந்து வருகின்றன என்றும் அது கண்டது. இன்னும் பெயரிடப்படாமல் மிச்சம் இருக்கும் சுமார் 70,000 பூக்கும் தாவரங்களில் பாதிக்கு மேல் ஏற்கனவே ஏதோ ஒரு அலமாரியில் இருக்கின்றன என்றும் அது மதிப்பிட்டது. அதாவது, கண்டுபிடிப்பு காட்டில் பாதிதான் நடக்கிறது. மறுபாதி மேசையில் நடக்கிறது. அந்த மேசைக்கு ஆள் வர வேண்டும்.

லண்டனில் பெயர்சூட்டல்

அருவிப் புல்லின் மேசைக்கு வந்த ஆள் நார்மன் லாஃப்டஸ் போர். அவரும் அயர்லாந்துக்காரர். இந்திய வனத்துறையில் சேர்ந்து அசாம் காடுகளில் உழைத்து, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலாளராக இருந்து, பிறகு லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குத் துணை இயக்குநராகப் போனவர். இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான் நாடுகளின் புற்களைப் பற்றி 1960இல் அவர் வெளியிட்ட நூல் இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் மேசையில் இருக்கிறது. செட்ஜ்விக், பெல் இருவரின் பெயர் தாங்கிய கெர்சொப்பா தாள் ஒன்று கியூவிலும் இருந்தது. போர் அதை எடுத்துப் பார்த்தார்.

புல்லை இனம் காண்பது எளிதல்ல. மற்றச் செடிகளில் இதழ் பேசும், நிறம் பேசும். புல்லில் எல்லாமே சிறுகதிருக்குள் ஒளிந்திருக்கும். வெந்நீரில் ஊற வைத்து, உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் உமி உமியாகப் பிரிக்க வேண்டும். உமியில் எத்தனை நரம்பு, எத்தனை பூ, எத்தனை மகரந்தத் தாள், எது உதிர்கிறது, எது நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, தெரிந்த பேரினங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். போர் ஒப்பிட்ட எதற்குள்ளும் இது அடங்கவில்லை. ஆகவே அதற்கென்று தனிப் பேரினம் ஒன்றை அமைத்தார். கியூ நிறுவனத்தின் இதழில் 1951இல் அதன் விவரணை வெளியானது. அன்றைய விதிப்படி லத்தீன் மொழியில் விவரித்தால்தான் புதுப்பெயர் செல்லும். இந்த விதி 2011 இறுதிவரை நீடித்தது.

ஹப்பார்டியா என்ற பெயர் சி.இ. ஹப்பார்டுக்கு மரியாதை. தோட்டக்காரரின் மகனாகப் பிறந்து, தானும் தோட்ட வேலையாளாகத் தொடங்கி, உலகின் முதன்மையான புல்லியல் அறிஞராக உயர்ந்தவர் அவர். ஹெப்டாநியூரான் என்றால் ஏழு நரம்பு கொண்டது. புல் குலத்தில் இது மிகவும் தனித்து நின்றதால், இந்த ஒரே பேரினத்துக்காகத் தனி இனக்குழு ஒன்றையே ஹப்பார்டு பின்னர் வகுத்தார். அருவிப் பாறையில் படர்ந்த ஒரு சிறு புல், தாவர உலகின் வரைபடத்தில் தனக்கென்று ஒரு தனிக் கிளையைப் பெற்றுவிட்டது.

போர் பார்த்த அந்தத் தாள் இனி சாதாரணத் தாள் அல்ல. மூல மாதிரி. ஹப்பார்டியா ஹெப்டாநியூரான் என்று உலகில் யார் எதைச் சொன்னாலும், அது இந்தத் தாளில் உள்ள புல்லோடு ஒத்துப்போனால்தான் சரி. நகைக்கடையில் தங்கத்தை உரசிப் பார்க்கும் உரைகல் போல, அந்தப் பெயருக்கு உரைகல் இந்தத் தாள்.

ஆறு திசைமாறியது

பெயர் கிடைத்த வேளையில் பிறந்த வீடு மாறிக்கொண்டிருந்தது.

ஷராவதியின் பாய்ச்சலை மின்சாரமாக்கும் வேலை அப்போதே தொடங்கியிருந்தது. 1948இல் ஜோக் அருகே மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1964இல் அருவிக்கு மேலே லிங்கனமக்கி அணை எழுந்தது. ஆண்டு முழுவதும் விழுந்த ஆறு, மழைக்காலம் கழிந்தால் மெல்லிய இழைகளாகச் சுருங்கியது. பாறையை நனைத்த சாரலும் அதோடு சுருங்கியது. சாரலைத் தவிர வேறு வாழ்விடம் அறியாத புல்லுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னாளில் ஜோக்கில் தேடிய தாவரவியலாளர்களுக்கு ஹப்பார்டியா கிடைக்கவில்லை. உலகில் அது வாழ்ந்ததாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான். ஆகவே அழிந்துபோயிருக்கலாம் என்ற பட்டியலில் அதன் பெயர் ஏறியது.

மும்பைக்காரர்கள் இதை வேறு மாநிலத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1915இல் லோனாவ்லா மலைமேல் தேக்கிய மழைநீரைக் கோப்போலிக்கு இறக்கி டாட்டா நிறுவனம் எடுத்த மின்சாரத்தில்தான் நம் நகரத்தின் பஞ்சாலைகள் ஓடின. தாராவிக் குழாயிலும் செம்பூர்க் குழாயிலும் வருகிற தண்ணீர் தான்சா, வைதர்ணா, பாத்சா நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. அங்கே பெய்வது சஹ்யாத்ரி எனப்படும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களும், பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் தட்டச்சுப் பழகிக்கொண்டு வந்தவர்களும் இந்த நகரத்தில் வாழ்வு கண்டார்கள் என்றால், அந்த மலை தந்த தண்ணீரும் வெளிச்சமும் அதில் பங்கு வகித்தன. அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அணை கட்டும் இடத்தில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும் என்கிறேன். பட்டியல் இருந்தால் காப்பாற்ற வழி தேடலாம். பட்டியல் இல்லாவிட்டால் இழந்தது என்ன என்றுகூடத் தெரியாது.

தான்சானியாவில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அங்கே உட்சுங்வா மலையில் கிஹான்சி அருவியின் சாரலில் மட்டும் வாழும் ஒரு சின்னஞ்சிறு தேரை 1996இல் கண்டறியப்பட்டது. 2000இல் அணை ஆற்றைத் திருப்பியது, சாரல் நின்றது. ஆனால் தேரை இருப்பது முன்பே தெரிந்திருந்ததால் ஒரு தொகையைப் பிடித்து அமெரிக்க விலங்குக் காட்சியகங்களில் வளர்த்தார்கள். பாறைகளில் செயற்கைச் சாரல் தெளிக்கும் குழாய்களும் அமைத்தார்கள். 2009இல் இயற்கையில் அது அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2012இல் வளர்ப்புத் தேரைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அணைக்கு நாலாண்டு முன்னால் அது கண்ணில் பட்டிராவிட்டால், அந்தத் தேரை உலகில் இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

டில்லாரியில் மறுபிறவி

ஜோக்கிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே, கோலாப்பூர் மாவட்டத்தின் சந்த்கட் வட்டத்தில் டில்லாரி மலைச்சரிவு இருக்கிறது. சஹ்யாத்ரியின் முகடு அங்கே திடீரென்று கொங்கணத்தை நோக்கி இறங்கும். மழைக்காலத்தில் பாறைச் சுவர் முழுவதும் தண்ணீர் வழியும். 2002இல் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் எஸ்.ஆர். யாதவ் அந்த ஈரப்பாறைகளில் ஒரு புல் கூட்டத்தைக் கண்டார். மிகச் சிறிய கூட்டம். ஹப்பார்டியா!

செட்ஜ்விக்கும் பெல்லும் பறித்து 83 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருக்கும் ஹப்பார்டியாவைப் பார்த்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. பிறகு எப்படி அடையாளம் தெரிந்தது? 1919இல் அழுத்திய தாளாலும் 1951இல் எழுதிய விவரணையாலும்தான். அந்த இரண்டும் இல்லாதிருந்தால் டில்லாரியின் புல் பெயரில்லாத இன்னொரு பசுமையாகவே இருந்திருக்கும். யாரும் அதைத் தேடியிருக்க மாட்டார்கள், கண்ட பிறகும் அதற்காகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். எண்பது ஆண்டுக்கு முந்தைய காகித வேலை ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று நான் சொல்வது இதனால்தான்.

யாதவ் கண்டதோடு நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய செரோபீஜியாக் கொடிகளைப் பெருக்கி மீண்டும் மலைகளில் நட்ட அனுபவம் அவருடைய குழுவுக்கு இருந்தது. ஹப்பார்டியாவையும் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் வளர்த்துப் பெருக்கினார்கள். அதே ஈரமும் நிழலும் உள்ள வேறு அருவிப் பாறைகளில் கொண்டுபோய் நட்டார்கள். ஒரே இடத்தில் இருக்கிற உயிருக்கு ஒரு நிலச்சரிவு போதும். பல இடங்களில் வேரூன்றினால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும். இந்தப் புல் இன்னும் மிக அபாய நிலையில் உள்ள இனம்தான். ஆனால் அழிந்துபோனவற்றின் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இன்னொரு நல்ல செய்தி. ஹப்பார்டியா ஒற்றைப் பிள்ளை அல்ல என்று தெரிந்தது. சந்தோரே, கோசாவி, யாதவ் மூவரும் மகாராஷ்டிர மலையிலிருந்து இரண்டாவது சிற்றினம் ஒன்றை விவரித்தார்கள். இரண்டு மகரந்தத் தாள்கள் கொண்டதால் அதற்கு ஹப்பார்டியா டையாண்ட்ரா என்று பெயர். 2012இல் அது கியூ இதழிலேயே வெளியானது. முதல் புல்லை அயர்லாந்துக்காரர் ஒருவர் லண்டனில் அமர்ந்து விவரித்தார். இரண்டாவதை அந்த மண்ணிலேயே படித்து, அந்த மண்ணிலேயே ஆராய்ந்தவர்கள் விவரித்தார்கள். அறுபது ஆண்டில் நம் நாட்டுத் தாவரவியல் நடந்து வந்த தூரம் இது.

இனி நம் வேலை

இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஒவ்வோர் ஆண்டும் நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்ட தாவரங்களைத் தொகுத்து வெளியிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதில் எப்போதும் முன்வரிசையில் இருக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2,000 தாவரங்கள் புதுப்பெயர் பெறுகின்றன. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆனால் வேலை செய்யும் ஆட்கள் குறைகிறார்கள். செடியை வகைப்படுத்தும் படிப்பு பழையது என்று கல்லூரிகள் அதை ஓரம் கட்டுகின்றன. மரபணு ஆய்வுக்குக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்குகூட ஹெர்பேரியங்களுக்கு வருவதில்லை. மரபணுவைப் பிரித்தாலும் அது எந்தச் செடியினுடையது என்று சொல்ல ஒரு தாள் வேண்டும், தாளைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். திருச்சியில் அருள்தந்தை கே.எம். மத்தியூ ரபினாட் ஹெர்பேரியத்தைக் கட்டி எழுப்பி, தமிழகச் சமவெளியின் தாவரங்களையும் பழனி மலையின் தாவரங்களையும் முறையாகப் பதிவு செய்து போனார். பம்பாயில் பிளாட்டருக்குப் பிறகு, ஸ்பெயினிலிருந்து வந்த அருள்தந்தை சாந்தாபாவ் அதே பணியைத் தொடர்ந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். 1967இல் பத்மஸ்ரீ பெற்றார். இவர்கள் ஒவ்வொருவரும் மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போய்க் கண்ணைப் பழக்கினார்கள். அந்தச் சங்கிலி அறுந்துவிடக் கூடாது.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் செய்ய ஒன்று இருக்கிறது. தாராவியை ஒட்டியே மகாராஷ்டிர நேச்சர் பார்க் இருக்கிறது. ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைமேடு. மண் நிரப்பி மரம் நட்டு, 1994இல் திறந்தார்கள். இன்று 37 ஏக்கரில் காடு. பள்ளிப் பிள்ளைகள் இலை பார்த்து மரத்தின் பெயர் சொல்லப் பழக அதைவிட அருகில் வேறு இடம் இல்லை. அங்கே கண் பழகிய பிள்ளையை அடுத்த மழைக்காலத்தில் சஹ்யாத்ரிக்கு அழைத்துப் போங்கள். பொறியியல், மருத்துவம் என்று வரிசையாகப் பிள்ளைகளை அனுப்புகிற நம் வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வேண்டாம், தெருவுக்கு ஒருவர் தாவரவியல் படிக்கட்டும். அப்படிப் படிக்க ஆசைப்படும் பெண்ணையோ பையனையோ, இதில் என்ன சம்பளம் என்று கேட்டுத் தடுக்காதீர்கள். பெயர் தெரியாத புற்கள் மலையில் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொள்ள ஆள் வேண்டும்.